ஆலம் ஏன் சிவக்கவில்லை? – கல்யாணச் சடங்குகள்: வாசகர் கேள்வி பதில்

தை முகூர்த்தங்கள் நெருங்குகின்றன. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கல்யாண வீட்டுக் கேள்விகள்தான். வழக்கம் ஊருக்கு ஊர் மாறும், சமூகத்துக்குச் சமூகம் மாறும், சில நேரம் பங்காளி வீட்டுக்குப் பங்காளி வீடே மாறும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இங்கே எழுதியிருப்பதும் வேறாக இருந்தால், செய்முறையில் அவர்கள் சொல்வதையே கேளுங்கள். காரணத்துக்கு மட்டும் எங்களிடம் வாருங்கள்.

எங்கள் வீட்டில் ஆலம் கரைத்தால் சிவப்பே வருவதில்லை. செங்கல் தூளைக் கரைத்த மாதிரி இருக்கிறது. கடையில் விற்கும் ஆரத்திப் பொடிதான் வழியா?
– வாசகி, பாளையங்கோட்டை

பொடி வேண்டாம். மஞ்சளும் வெற்றிலைச் சுண்ணாம்பும் போதும், சேர்க்கும் வரிசைதான் தவறியிருக்கிறது. பலரும் சுண்ணாம்பை அப்படியே தட்டில் போட்டு விரலால் கரைக்கிறார்கள். கரையாத வெள்ளைத் துகள் நீரில் மிதந்து சிவப்பை மங்கடிக்கும். அதுதான் நீங்கள் சொல்லும் செங்கல் நிறம்.

அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கரையுங்கள். மஞ்சளின் சாயம் தண்ணீரில் எளிதில் இறங்காது, அதனால்தான் வெதுவெதுப்பு. ஒரு தம்ளர் நீரில் சுண்டல் கடலை அளவு சுண்ணாம்பைத் தனியாகக் கலக்கிப் பத்து நிமிடம் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிவை மட்டும் மஞ்சள் நீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் நிறம் கண் முன்னே மாறும். வேண்டிய சிவப்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள். மேலும் ஊற்றினால் கறுக்கும்.

பழைய சுண்ணாம்பும் காலை வாரும். டப்பா திறந்தே கிடந்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி வெறும் சுண்ணாம்புக்கல் தூளாகிவிடும். அதற்குக் காரம் இல்லை, எனவே சிவப்பும் இல்லை. இன்னொன்று, காரத்தில் மஞ்சளின் சாயம் நெடுநேரம் நிற்காது. மண்டபத்தில் காலை ஐந்து மணிக்கே கரைத்து மூடி வைத்தால், பெண் மாப்பிள்ளை வாசலுக்கு வருவதற்குள் வெளிறிவிடும். கார் தெருமுனைக்கு வந்ததும் கரைத்தால் போதும். அலுமினியத் தட்டு ஆகாது, சுண்ணாம்பு அதை அரிக்கும். பித்தளையோ எவர்சில்வரோ சரி. பட்டில் தெறித்துவிட்டால் சோப்பைத் தொடாதீர்கள். சோப்பும் காரம்தான், கறை இன்னும் சிவக்கும். குளிர்ந்த நீரில் ஒற்றி எடுத்துச் சலவைக்குக் கொடுங்கள்.

ஏன் சிவப்பு? பலியிட்ட இரத்தத்துக்கு மாற்றாக வந்த நீர் என்று ஒரு கருத்து உண்டு. கண்ணேறு முதலில் வண்ணத்தில் விழட்டும், ஆள்மேல் விழ வேண்டாம் என்பது வீட்டுப் பெண்கள் சொல்லும் காரணம். 'கிருமிநாசினி' என்று இப்போது சுற்றிவரும் விளக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். தட்டில் இருக்கும் நீரை மூன்று சுற்று சுற்றி, நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, மிச்சத்தைத் தெருவில் கொட்டினால் எந்தக் கிருமி சாகும்?

பழந்தமிழர் திருமணத்தில் தாலியே இல்லை என்று மகன் வாதாடுகிறான். உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

உங்கள் மகன் பாதி சரி. சங்க இலக்கியத்தில் 'தாலி' என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது பிள்ளைகளின் கழுத்து அணி. புறநானூறு 77ஆம் பாட்டில் இளவயதிலேயே போருக்கு வந்த பாண்டியன் நெடுஞ்செழியனை 'இன்னும் தாலிகூடக் கழற்றவில்லை' என்று வியக்கிறார்கள். அவன் மணமானவன் என்பதல்ல பொருள், பிள்ளைப் பருவம் தாண்டாதவன் என்பதே. அகநானூறு 7இல் வருவதும் புலிப்பல் கோத்த தாலிதான், அணிந்திருப்பவள் மணமாகாத இளம்பெண்.

திருமணத்தையே விரித்துப் பாடுவன அகநானூறு 86, 136 ஆகிய இரண்டும். மணல் பரப்பிய பந்தல், விளக்கு, மாலை, திங்கள் உரோகிணியைச் சேரும் நாள், உளுந்துக் களி, பெண்ணை நீராட்டும் நான்கு மகளிர் எல்லாம் 86இல் உண்டு. தீ வளர்த்ததாகவோ புரோகிதர் வந்ததாகவோ ஒரு சொல் இல்லை. 136இல் இறைச்சியும் நெய்யும் கலந்த சோறு விருந்தாகிறது. அதே பாட்டில் வாகை இலையையும் அறுகின் முகையையும் வெண்ணூலில் சேர்த்துப் பெண்ணுக்குச் சூட்டுகிறார்கள். தாலி என்று அதற்குப் பெயர் சொல்லவில்லை. ஆனால் நூல் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் தீவலமும் மறை ஓதும் பார்ப்பானும் வந்துவிடுகிறார்கள். அங்கே 'மங்கல அணி எழுந்தது' என்ற தொடரைத் தாலி என்று கொள்வாரும் உண்டு, ஊர் பூண்ட மங்கல அலங்காரம் என்று கொள்வாரும் உண்டு. பின்னர், கோவலன் பிரிந்திருக்கும்போது கண்ணகி மங்கல அணி தவிர வேறு எதையும் விரும்பவில்லை என்று வருவதால், தாலி என்போர் கையே சற்று ஓங்குவதாக எங்களுக்குத் தோன்றுகிறது. ஆண்டாளின் 'வாரணமாயிரம்' கனவில் காப்புக் கட்டுதல், கைத்தலம் பற்றுதல், அம்மி மிதித்தல், பொரி இடுதல் என்று ஒன்றுவிடாமல் வருகிறது. தாலி கட்டியதாக மட்டும் அங்கும் இல்லை.

இன்று தாலி கட்டும்போது சொல்லும் 'மாங்கல்யம் தந்துநாநேந' வேத மந்திரம் அல்ல, பிற்காலச் சுலோகம். அதில் 'தந்து' என்றால் நூல். தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மஞ்சள் கயிற்றில் வெறும் விரலி மஞ்சளைக் கட்டினாலும் தாலிதான் என்று கிராமத்தில் சொல்வது இதனால்தான் பொருந்துகிறது. பொட்டுத்தாலி, சிறுதாலி, நகரத்தாரின் கழுத்துரு, கிறிஸ்தவர்களின் சிலுவைத் தாலி, தமிழ் முஸ்லிம்களின் கருகமணி என்று வடிவம் ஆளுக்கொன்றாக இருப்பதற்கும் காரணம், கழுத்தில் ஏறும் இழைதான் மூலம், அதில் தொங்குவது அடையாளம் என்பதே.

மூன்று முடிச்சில் ஒன்றைத்தான் மாப்பிள்ளை போட வேண்டுமா? அவசரத்தில் முடிச்சு அவிழ்ந்துவிட்டால் கல்யாணம் செல்லாதா? நவம்பரில் நடந்த ஒரு திருமணத்தில் அப்படி ஆகி, பெண் வீட்டார் இன்னும் கலங்கிக் கிடக்கிறார்கள்.
– வாசகி, விருதுநகர்

முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார் என்பது பல சமூகங்களில் உள்ள வழக்கம். மூன்றையும் மாப்பிள்ளையே போடும் வீடுகளும் உண்டு. மும்மூர்த்தி, மனம் வாக்கு காயம் என்றெல்லாம் சொல்லும் விளக்கங்கள் பின்னால் ஒட்டவைத்தவை. பருத்தி நூலில் ஒற்றை முடிச்சு நிற்காது, வழுகும் என்பது கயிறு திரித்த யாருக்கும் தெரியும். இரண்டாவது அதை இறுக்கும், மூன்றாவது காவல். முன்னால் நிற்கும் மாப்பிள்ளையின் கை பெண்ணின் பிடரிக்குப் போனால் அவருக்குக் கண் தெரியாது. பின்னால் நிற்கும் பெண்பிள்ளைக்குத்தான் தெரியும். உன்னை எங்கள் வீடே ஏற்கிறது என்று நாத்தனார் சொல்லாமல் சொல்வதும் அதில் அடக்கம்.

அவிழ்வதற்குப் பெரும்பாலும் காரணம் ஈரம். காலையில் மஞ்சள் தடவிய நூல் அப்போதும் ஈரமாக இருக்கும், அரைத்த மஞ்சள் விழுது சோப்பு மாதிரி வழுக்கும். முதல் நாளே தடவி நிழலில் உலர்த்துங்கள். கயிறு தாராளமாக இரண்டு முழம் இருக்கட்டும். கனத்த மாலைக்கும் சடைநாகத்துக்கும் அடியில் கையை நுழைத்துக் கட்டும்போது குட்டைக் கயிறு சதி செய்யும். நாத்தனார் முன்கூட்டியே பின்னால் வந்து நின்று, சடையை ஒரு கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும். புகைப்படக்காரர் அந்த இடத்தை மறிக்காமல் பார்ப்பது பெரியவர் ஒருவரின் வேலை.

கெட்டிமேளத்துக்குக் கை காட்டும் பொறுப்பையும் ஒரே ஒருவரிடம் கொடுங்கள். நாலு பேர் காட்டினால் தவில்காரர் முதல் கையைப் பார்த்துத் தொடங்கிவிடுவார், தாலி அப்போதும் தட்டில் இருக்கும். தும்மல், அழுகை, யாரோ ஒருவர் வாய் தவறிச் சொல்லும் சொல் காதில் விழக் கூடாது என்பதற்காகவே அந்த உரத்த முழக்கம் என்பார்கள். அதில் குழப்பம் வந்தால் அவசரம் வரும், அவசரத்தில் முடிச்சு நழுவும்.

சட்டத்தைப் பொறுத்தவரை அந்தப் பெண் வீட்டார் கலங்க வேண்டியதே இல்லை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, இரு வீட்டில் ஒரு வீட்டாரின் வழக்கப்படி சடங்கு நடந்தால் போதும் என்கிறது. தமிழ்நாட்டில் அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் 7அ பிரிவு சேர்க்கப்பட்டு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, உறவினர், நண்பர் அல்லது மற்றவர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாக அறிவித்தோ, மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ மணக்கலாம், ஏதாவது ஒன்று போதும். முடிச்சு எத்தனை என்று சட்டம் எண்ணாது. திருமணம் நடந்து 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைத்தான் பலர் மறக்கிறார்கள். நவம்பர் திருமணம் என்கிறீர்கள், நாளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சின்ன வயதில் ஊறவைத்த அரிசியைத் தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யுமாமே?
– வாசகி, சென்னை

தேங்காய்த் துருவலைத் தின்றாலும் பெய்யும் என்று ஒரு பாடம் உண்டு. ஆட்டுக்கல்லில் மாவு அரைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அரிசியைக் கைவிட்டு அள்ளும் பிள்ளையை விரட்ட, அம்மாக்கள் கண்டுபிடித்த நல்ல மிரட்டல். பலிப்பதற்கும் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் முகூர்த்த மாதங்கள். அரிசியே தின்னாத பெண்ணுக்கும் பந்தல் நனையத்தான் செய்யும்.

அருந்ததி பார்க்கச் சொல்லி பட்டப்பகலில் வானத்தைக் காட்டுகிறார்களே, உண்மையில் எப்போது, எங்கே தெரியும்?
– வாசகர், கோயம்புத்தூர்

பகலில் காட்டுவது பெயருக்குத்தான். இந்தச் சடங்கு இரவு மணங்களுக்கு உரியது. வடக்கே ஏழு மீன்கள் அகப்பை போல நிற்கும் சப்தரிஷி மண்டலத்தைக் கண்டுபிடியுங்கள். காம்பில் மூன்று மீன்கள். நடுவில் இருப்பது வசிட்டர். அதை உற்றுப் பார்த்தால் பக்கத்திலேயே ஒட்டினாற்போல் மங்கலாக இன்னொன்று. அதுதான் அருந்ததி. இரண்டுக்கும் இடைவெளி முழுநிலவின் அகலத்தில் பாதிக்கும் குறைவு. முதலில் பெரிய மீனைக் காட்டி, பிறகு சின்னதுக்குக் கண்ணை நகர்த்தும் இந்த முறையிலிருந்துதான் 'அருந்ததி நியாயம்' என்ற சொல்லே தர்க்க நூல்களுக்குப் போனது.

தமிழ்நாட்டில் சித்திரை முதல் ஆடி வரை இரவு எட்டு மணிக்கு நன்றாகத் தெரியும். ஆவணியில் முன்னிரவில் வடமேற்கே தாழ்ந்துவிடும், தென்னைமரமோ மாடியோ மறைக்கும். தை மாதத்தில் மாலை வரவேற்பில் தேடினால் கிடைக்காது, அடிவானத்துக்குக் கீழே இருக்கும். ஆனால் தை முகூர்த்தம் விடியலுக்கு முந்தியது என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஜனவரி கடைசியில் காலை நாலரை மணிக்கு மண்டபத்துக்கு வெளியே வந்து நேர் வடக்கே நிமிர்ந்தால், அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய நடுவில் அது நிற்கும். ஐந்தே முக்காலுக்கு மேல் வெளிச்சம் கரைத்துவிடும். மண்டபத்தின் சீரியல் விளக்குகளை இரண்டு நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு சடங்கையாவது சொன்னபடி செய்த பெருமை கிடைக்கும்.

வடநாட்டு மரபு மட்டும் என்று இதை ஒதுக்க முடியாது. பெரும்பாணாற்றுப்படை வட வானத்துச் சிறுமீனைக் கற்புக்கு உவமை சொல்கிறது, சிலப்பதிகாரம் கண்ணகியையே 'சாலி ஒரு மீன்' போன்றவள் என்கிறது. சாலி என்பது அருந்ததிதான். இரண்டு மீன்களும் ஒன்றை ஒன்று சமமாகச் சுற்றுவதை முன்னோர் கண்டுபிடித்தார்கள் என்று வாட்ஸாப்பில் வருவது கதை. அப்படியொரு சுழற்சி இருந்தாலும் ஒரு மனித ஆயுளில் கண்ணால் பார்த்து அறியக்கூடியது அல்ல.

அம்மி மிதிப்பது அகலிகை கதைக்காகவா? மெட்டி போட்டால் கருப்பை நரம்பு தூண்டப்படுமா?
– வாசகி, திண்டுக்கல்

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். அம்மிமேல் கால் வைக்கும்போது சொல்லும் மந்திரம் 'இந்தக் கல்லைப் போல் உறுதியாக நில்' என்கிறது. அகலிகை அதில் எங்கும் இல்லை. கல்லான பெண்ணை நினைவூட்டி மணப்பெண்ணை எச்சரிப்பது பிற்காலத்தார் சேர்த்த சரக்கு. பெண்ணின் வலது காலை மாப்பிள்ளை கையால் பிடித்து வைக்க வேண்டும். அம்மி ஆடாமல் இருக்க அடியில் கொஞ்சம் நெல் பரப்புங்கள், மண்டபத்து வழவழப்புத் தரையில் வழுக்கிய அம்மிகள் உண்டு.

கால் இரண்டாம் விரலையும் கருப்பையையும் இணைக்கும் நரம்பு எதுவும் உடற்கூற்றியலில் இல்லை. முற்காலத்தில் ஆண்களும் மெட்டி அணிந்ததுண்டு. பொன் திருமகள் என்பதால் இடுப்புக்குக் கீழே போடுவதில்லை, எனவே வெள்ளி. அளவு முக்கியம். நின்றும் நடந்தும் மாலைக்குள் விரல் வீங்கும், சடங்கன்று சற்றுத் தளர்வான மெட்டியே போடுங்கள்.

பாலிகை தெளித்தோம், கல்யாணத்தன்று ஒன்றுமே முளைக்கவில்லை. அபசகுனம் என்று மாமியார் வீட்டில் முணுமுணுக்கிறார்கள்.
– வாசகி, ஸ்ரீரங்கம்

சகுனமும் இல்லை, சாபமும் இல்லை. முதல் நாள் மாலை தெளித்தால் மறுநாள் காலை எந்த விதை முளைக்கும்? ஐந்து நாள் கல்யாணம் நடந்த காலத்தின் கணக்கை ஒன்றரை நாளில் அடைக்கப் பார்க்கிறோம். நெல், உளுந்து, பயறு, எள், கடுகு ஐந்துக்கும் ஒரே வேகம் கிடையாது. பயறும் உளுந்தும் ஊறிய ஒரு நாளில் மூக்கு விடும். கடுகுக்கும் எள்ளுக்கும் இரண்டு மூன்று நாள். நெல்தான் சோம்பேறி, 24 மணி நேரம் ஊறி, இன்னும் ஒன்றரை நாள் ஈரச் சாக்கில் கட்டிக் கிடந்தால்தான் முளை தெரியும். நாற்றங்காலுக்கு விதை கட்டுபவர்களைக் கேட்டால் இதையேதான் சொல்வார்கள்.

எனவே மூன்று நாள் முன்னதாக நெல்லையும் எள்ளையும் கடுகையும், ஒரு நாள் முன்னதாக பயறையும் உளுந்தையும் தனித்தனியே ஊறவைத்துத் துணியில் முடிந்து வையுங்கள். தெளிக்கும் நேரத்தில் ஐந்தையும் கலந்துகொள்ளலாம். பாலில் ஊறப்போடாதீர்கள். புளித்து நாறும், பூஞ்சை பிடிக்கும். தெளிக்கும்போது சில சொட்டுப் பால் சேர்த்தாலே சம்பிரதாயம் நிறைவேறும். கடையில் வாங்கும் உடைத்த பயறும் தோல் நீக்கிய உளுந்தும் ஒரு யுகம் ஆனாலும் முளைக்காது, முழுசாக வாங்குங்கள். வெள்ளை எள் பெரும்பாலும் தோல் நீக்கியது, அதையும் பாருங்கள்.

கோவலன் திருமணத்திலேயே முளைவிட்ட பாலிகைக் குடங்களை ஏந்திப் பெண்கள் வருகிறார்கள். அவ்வளவு பழைய வழக்கம். உழவர் வீட்டில் இது விதையின் வீரியத்தைப் பார்க்கும் சோதனையாகவும் இருந்திருக்கலாம் என்பது எங்கள் ஊகம்.

கனடாவில் மகனின் பொன்னுருக்கலை வைக்கப்போகிறோம். என்ன தேவை? கன்னிக்காலுக்கு முருக்கமரம் கிடைக்காதே?
– வாசகர், யாழ்ப்பாணத்திலிருந்து

பொன்னுருக்கல் மாப்பிள்ளை வீட்டில் நல்ல நாள் பார்த்து நடப்பது. தாலிக்கான பொன்னை எல்லோர் கண்முன்னும் உருக்குவது. பெண் வீட்டார் வருவார்கள், பெண் வருவதில்லை. அதன் பிறகு தாலி கட்டும்வரை இருவரும் சந்திப்பதும் இல்லை. சபையில் உருக்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாணயத்தின் மாற்று எல்லோருக்கும் தெரிந்தது, அதையே தாலியில் சேர்ப்பதற்கு இரு வீட்டாரும் சாட்சி. ஒரு பவுண் நாணயம் 7.98 கிராம், 22 மாற்று.

கரி அடுப்பு, ஊதுகுழல், மூசை (பொன் உருக்கும் கிண்ணம்), குறடு, ஒரு சிட்டிகை வெண்காரம். வெண்காரம் மறந்தால் பொன்னோடு இருக்கும் செம்பு கறுத்து மேலே ஆடை கட்டும், உருகிய பொன் மினுங்காது. உடனே வயதானவர்கள் முகம் சுளிப்பார்கள். தூய பொன் உருகுவது 1064 பாகையில், 22 மாற்றுக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக் காஸ் அடுப்பில் வெறுமனே வைத்தால் உருகாது, பொற்கொல்லரின் தீக்குழாய் வேண்டும். கனடாவில் வீட்டுக்குள் செய்தால் புகை எச்சரிக்கை மணி அலறும். தோட்டத்திலோ திறந்த கராஜிலோ வையுங்கள். பனிக்காலமானால் மூசையை முதலில் மெல்லச் சூடாக்கச் சொல்லுங்கள், குளிர்ந்த மூசை சட்டெனச் சூடேறினால் வெடிக்கும்.

கன்னிக்காலுக்கு முள்முருக்கைத் தேர்ந்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. வெட்டிய கொம்பை ஊன்றினாலே வேர்விடும். தமிழ்நாட்டில் அதே மரத்துக்குக் கல்யாண முருங்கை என்றே பெயர், அங்கேயும் பந்தல்கால், அரசாணிக்கால் என்று நடுவார்கள். நட்ட கால் துளிர்த்தால் குடும்பம் துளிர்க்கும் என்ற எண்ணம். குளிர்நாட்டில் அந்த மரம் இல்லை என்பதற்காகப் பிளாஸ்டிக் கொம்பை நடாதீர்கள். வில்லோ மரக்கொம்பும் தண்ணீரில் வைத்தாலே வேர்விடும். பொருள் அதில் கெடாது.

ஆடி மாதம் மகளை அழைத்து வந்தே ஆக வேண்டுமா? மாப்பிள்ளை மூடநம்பிக்கை என்கிறார்.
– வாசகி, கரூர்

ஆடி ஒன்று ஜூலை 17 வாக்கில் வரும். கரு உருவாகிப் பிறக்க ஏறத்தாழ 266 நாள். கூட்டிப் பார்த்தால் ஆடியில் தரித்த பிள்ளை ஏப்ரல் ஒன்பதாம் தேதியிலிருந்து மே ஒன்பதாம் தேதிக்குள் பிறக்கும், சித்திரைக் கத்திரி வெயில் தொடங்கும் நேரம். மின்விசிறியும் மருத்துவமனையும் இல்லாத காலத்தில் அது தாய்க்கும் சேய்க்கும் கொடுமை. தவிர, ஆடிப்பட்டம் விதைப்புக் காலம், வீட்டில் காசும் இருக்காது, ஆளும் இருக்காது. கணக்கு அன்றைக்குச் சரி. இன்றைக்கு மாப்பிள்ளை சொல்வதிலும் தப்பில்லை. உங்கள் பக்கம் ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவீர்களே, அதற்கு இருவரையும் சேர்த்தே அழையுங்கள். சீர் கொடுத்தது மாதிரியும் ஆயிற்று, பிரித்த பாவமும் இல்லை.

வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டுதானே? பஞ்சாங்கத்தில் வேறு நேரம் போட்டிருக்கிறதே?
– வாசகர், வேலூர்

சூரியன் ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறைகிறது என்று வைத்துப் போட்ட பொதுக் கணக்கு உங்களுடையது. முறைப்படி, அன்றைய பகலை எட்டாகப் பங்கிட வேண்டும். வெள்ளிக்கு நான்காவது பங்கு. ஜூன் கடைசியில் சென்னையில் உதயம் ஏறக்குறைய 5.43, மறைவு 6.37. ஒரு பங்கு சுமார் 97 நிமிடம். ராகுகாலம் 10.33க்குத் தொடங்கி 12.10 வரை போகும். பன்னிரண்டு அடித்ததும் தட்டை மாற்றுபவர்கள் பஞ்சாங்கத்தை நம்புகிறவர்களாக இருந்தால் பத்து நிமிடம் பொறுக்கலாம். நம்பாதவர்களுக்குப் பந்தி நேரம்தான் முக்கியம்.

என் கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. மகள் கல்யாணத்தில் நான் மேடையேறக் கூடாது, தாலியைத் தொட்டு ஆசி கூறவும் கூடாது என்கிறார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

அம்மா, இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறோம். மணப்பெண்ணை நீராட்டக் கணவனும் பிள்ளையும் உள்ள மகளிரைத் தேடும் வழக்கம் பழையதுதான். மேலே சொன்ன அகநானூற்றுப் பாட்டில் வரும் நால்வரும் பிள்ளை பெற்ற மகளிரே. ஆனால் அங்கே தேடுவது இவளைப் போல் நீயும் வாழ் என்று காட்ட ஒரு முன்மாதிரியை. பெற்றவளை வாசலில் நிறுத்து என்று அந்தப் பாட்டு சொல்லவில்லை. சட்டத்திலும் தடை கிடையாது.

நடைமுறையில் தகராறு வருவது மூன்று இடத்தில். முகூர்த்தக்கால் நடும்போது, தாலித் தட்டைச் சபையில் சுற்றி ஆசி வாங்கும்போது, தாரை வார்க்கும்போது. முதல் இரண்டுக்கும் புரோகிதரிடம் முன்கூட்டியே, நிச்சயத்துக்கு மறுநாளே பேசிவிடுங்கள். மணவறையில் வைத்துப் பேசினால் கூட்டம் தீர்ப்புச் சொல்லும். தாரை வார்க்கச் சித்தப்பாவோ தாய்மாமனோ உட்காரட்டும், பெண்ணின் கை மாப்பிள்ளை கையில் சேரும்போது மேலே உங்கள் கையும் இருக்கட்டும். தாலித் தட்டு முதலில் உங்களிடம் வரவேண்டும் என்று மகளே சொல்லட்டும். மணப்பெண் வாய் திறந்து கேட்டால் அதை மறுக்கிற துணிச்சல் பொதுவாக யாருக்கும் வருவதில்லை. சம்மதிக்காத புரோகிதர் என்றால், 7அ பிரிவு இருக்கிறது. நீங்களே தாலியை எடுத்துக் கொடுக்கலாம்.

மொய் ஏன் 101, 501 என்று ஒற்றைப்படையில்?
– வாசகர், பேராவூரணி

பூஜ்யத்தில் முடிந்தால் உறவுக் கணக்கு முடிந்தது என்று பொருள், ஒன்று சேர்த்தால் தொடர்கிறது என்பது சொல்வழக்கு. ஆடி, ஆவணியில் மொய்விருந்து வைக்கும் ஊர்க்காரர் நீங்கள், மொய் என்பது வட்டியில்லாத கைமாற்று என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மொய் நோட்டில் ஊர், தகப்பனார் பெயர், பெயர், தொகை என்ற வரிசை கலையக் கூடாது. ஒரே ஊரில் ஒரே பெயரில் ஐந்து பேர் இருப்பார்கள், தகப்பனார் பெயர் விடுபட்டால் பத்து வருடம் கழித்து யாருக்குத் திருப்பிச் செய்வது என்றே தெரியாது. எழுதுபவர் ஒருவர், பணம் வாங்குபவர் இன்னொருவர், ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே கூட்டுத் தொகை. மை பேனாவில் எழுதாதீர்கள். பந்தியிலிருந்து நேரே ஈரக் கையோடு வருகிறவர்கள்தான் அந்த நோட்டை முதலில் தொட்டுப் பார்ப்பார்கள்.